டேப்லெட்டில் திருத்திய ஆவணம் கணினியில் பழையபடியே திறப்பது ஏன்? பென் டிரைவ், மெமரி கார்டு வழியாகக் கோப்புகளைக் கொண்டுசெல்வது பற்றி ஒரு விரிவான பதில்

டேப்லெட்டில் எழுதும் குறிப்புகளையும் ஆவணங்களையும் இணையத்தின் துணையில்லாமல், பென் டிரைவ் அல்லது மெமரி கார்டு வழியாகவே கணினிக்குக் கொண்டுசெல்ல விரும்புகிறீர்கள். அதில் மூன்று இடையூறுகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். டேப்லெட் சில டிரைவுகளைக் கண்டுகொள்வதே இல்லை. கண்டுகொண்ட டிரைவிலும் சில கோப்புகள் ஏற மறுக்கின்றன. எல்லாம் ஒழுங்காக நடந்ததாகத் தோன்றும் நாளிலோ, டேப்லெட்டில் திருத்திய ஆவணத்தைக் கணினியில் திறந்தால் திருத்தத்துக்கு முந்தைய வடிவமே வந்து நிற்கிறது. முதலிரண்டும் டிரைவை வாங்கும்போதும் ஃபார்மட் செய்யும்போதும் (அதாவது, கோப்புகளைப் பதியும் முறையைத் தேர்ந்து, டிரைவைத் துடைத்துத் தயார்செய்யும்போதும்) ஒருமுறை கவனித்துவிட்டால் தீர்ந்துபோகிறவை. மூன்றாவது அப்படியல்ல, அது உழைப்பையே விழுங்கக்கூடியது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கணினியில் ஒரு வேர்டு ஆவணத்தைப் பென் டிரைவிலிருந்து நேராகத் திறந்து, திருத்திச் சேமித்தால், அந்தத் திருத்தம் டிரைவில் உள்ள கோப்பிலேயே பதிகிறது. பல ஆண்டுகளாக இதற்குப் பழகிவிட்ட நாம், டேப்லெட்டிலும் இதுவே நடக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒதுக்கப்பட்ட, பிற செயலிகள் எட்டிப்பார்க்க முடியாத ஓர் அறைக்குள் இயங்குகிறது. அறைக்கு வெளியே இருக்கும் கோப்பை அது தொட வேண்டுமானால், இயங்குதளம் காட்டும் கோப்புத் தேர்வுத் திரையில் நீங்களே அதைச் சுட்டிக்காட்டி அனுமதி தர வேண்டும். அனுமதி கிடைத்த பின் செயலி இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: டிரைவில் உள்ள கோப்பை இருந்த இடத்திலேயே திறந்து, திருத்தங்களை அங்கேயே எழுதலாம், அல்லது அதைத் தன் அறைக்குள் படியெடுத்துக்கொண்டு, அந்தப் படியில் உங்களைத் திருத்த விடலாம். திரையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிடிஎஃப் பக்கங்களில் பேனாவால் குறிப்பெழுத உதவும் செயலிகளும், கையெழுத்துக் குறிப்பேட்டுச் செயலிகளும் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நீங்கள் எத்தனை முறை சேமித்தாலும் டிரைவில் உள்ள மூலக் கோப்பு அசையாது.

நானும் இதில் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். பென் டிரைவில் இருந்த நாற்பது பக்கப் பிடிஎஃப் ஒன்றை டேப்லெட்டில் திறந்து, இரண்டு மாலைகள் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்தினேன். டிரைவைக் கணினியில் செருகிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. செயலியில்தான் ஏதோ கோளாறு என்று நானே முடிவுகட்டி, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். நீக்கிய அந்தக் கணத்தில் செயலியின் அறையும் அதற்குள் பத்திரமாக இருந்த என் திருத்தங்களும் ஒன்றாகவே போய்விட்டன. எனவே திருத்தங்களைக் காணோம் என்றால் முதலில் செய்யக்கூடாதது, செயலியை நீக்குவதும் அதன் தரவை அழிப்பதும்தான். உங்கள் திருத்தங்கள் அநேகமாக இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

உங்கள் செயலி எந்த வகை என்பதை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். கணினியில் ‘ஒன்று’ என்ற ஒரே சொல்லை மட்டும் எழுதிய ஆவணம் ஒன்றை டிரைவில் சேமித்து, டேப்லெட்டில் செருகுங்கள். அதை வழக்கமான செயலியில் திறந்து, அடுத்த வரியில் ‘இரண்டு’ என்று எழுதிச் சேமித்து, செயலியை முழுவதுமாக மூடுங்கள். பிறகு டேப்லெட்டின் கோப்புச் செயலி வழியாக டிரைவுக்குள் போய், அந்தக் கோப்பின் திருத்திய நேரத்தைப் பாருங்கள். அதன் பின் டிரைவைக் கணினிக்கு மாற்றித் திறந்தும் பாருங்கள். ‘இரண்டு’ வந்திருந்தால் அந்தச் செயலி இருந்த இடத்திலேயே எழுதுகிறது. வராவிட்டால் அது படியெடுக்கும் வகை. ‘ஏற்றுமதி’, ‘இதில் சேமி’, ‘பகிர்’ என்று ஏதோவொரு பெயரில் இருக்கும் கட்டளையைக் கொடுத்துத்தான் திருத்திய படியை அதிலிருந்து வெளியே எடுக்க முடியும். ஐபேடில் பகிர்தல் பட்டியலில் ‘கோப்புகளில் சேமி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, இடமாக டிரைவைக் காட்ட வேண்டும். வெவ்வேறு செயலிகளைப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துவிடுங்கள். இதில் செயலியின் புகழும் விலையும் எதையும் உணர்த்துவதில்லை.

இருந்த இடத்திலேயே எழுதும் செயலியாக இருந்தாலும், டிரைவில் வைத்தே திருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டேப்லெட்டில் செருகிய டிரைவு கை பட்டால் நகரும். திரை அணைந்து இணைப்புத் தூங்கிப்போகும். செயலி பின்னணிக்குப் போன சற்று நேரத்தில் இயங்குதளம் அதை நிறுத்திவிடவும் செய்யும். எழுதிக்கொண்டிருக்கும்போது இவற்றில் எது நடந்தாலும் கோப்பு பாதியில் நிற்கும். பென் டிரைவைத் தபால்காரராக வைத்துக்கொள்ளுங்கள், வீடாக வைத்துக்கொள்ளாதீர்கள். டிரைவில் ‘கணினிக்கு’, ‘டேப்லெட்டுக்கு’ என்று இரண்டே கோப்புறைகள் போதும். கணினியிலிருந்து போகும் ஆவணத்தை இரண்டாவதில் வையுங்கள். டேப்லெட்டில் அதை உள் நினைவகத்துக்குப் படியெடுத்து, அங்கேயே வேலை செய்து, முடிந்தவுடன் புதிய பெயரோடு முதல் கோப்புறையில் போடுங்கள். கணினியில் அதை எடுத்து, திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிரைவில் உள்ள படியை நீக்க வேண்டும். ‘வெட்டி ஒட்டு’ என்ற கட்டளையை இந்த வேலையில் மறந்துவிடுவது நல்லது.

புதிய பெயர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு படிகளில் எது புதியது என்பதைத் திருத்திய நேரத்தை வைத்தே பலரும் முடிவு செய்கிறார்கள். ஃபேட்32 என்ற பழைய பதிவு முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் அந்த நேரம் இரண்டு நொடித் துல்லியத்தில் மட்டுமே பதிகிறது. எந்த நேர மண்டலத்தின் நேரம் என்ற குறிப்பும் அதில் இல்லை. கணினியும் டேப்லெட்டும் வெவ்வேறு நேர மண்டலத்தில் அமைந்திருந்தால், அல்லது ஒன்றின் கடிகாரம் தவறாக இருந்தால், நேற்றைய கோப்பு இன்றைய கோப்பைவிடப் புதியதாகத் தெரியும். படியெடுக்கும்போது பழைய நேரத்தை அப்படியே விடாமல், படியெடுத்த நேரத்தைப் பதித்துவிடும் செயலிகளும் உண்டு. ‘அறிக்கை-03-டேப்’, ‘அறிக்கை-04-கணினி’ என்று எண்ணும் இடமும் பெயரிலேயே இருந்தால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. பெயரில் ‘புதியது’, ‘இறுதி’ என்று எழுதும் வழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘உண்மையான இறுதி’ என்று மூன்றையும் ஒரே கோப்புறையில் வைத்திருந்தவன் நான்.

இனி, டேப்லெட் டிரைவைக் கண்டுகொள்ளாத சிக்கல். யூஎஸ்பி இணைப்பில் ஒரு பக்கம் எஜமானராகவும் மறுபக்கம் பணியாளராகவும் இருக்க வேண்டும். கணினி எப்போதும் எஜமானர். டேப்லெட்டோ கணினியோடு சேரும்போது பணியாளராகவும், பென் டிரைவோடு சேரும்போது எஜமானராகவும் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இரட்டை வேடத்துக்காக 2001-இல் வந்த விதிமுறையே ஓடிஜி (ஆன்-தி-கோ). பழைய டேப்லெட்டுகளில் உள்ள மைக்ரோ யூஎஸ்பி முனையில் ஐந்து தொடுமுனைகள் உண்டு. அவற்றில் ஒன்று அடையாளத்துக்கானது. ஓடிஜி கேபிளில் மட்டும் அந்த முனை கிரவுண்டோடு இணைக்கப்பட்டிருக்கும்; அதை வைத்துத்தான் டேப்லெட் தான் இப்போது எஜமானர் என்பதை அறிகிறது. பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் சாதாரண கேபிளோடு ஓர் இணைப்பியைச் சேர்த்துச் செருகினால் எதுவும் நடக்காததற்குக் காரணம் இதுவே. டைப்-சி முனையில் இந்த வேடத் தேர்வை, இரு பக்கச் சாதனங்களும் தங்களுக்குள் இருக்கும் மின்தடைகளைக் கொண்டு தாங்களே முடிவுசெய்துகொள்கின்றன. டைப்-சி முனை கொண்ட பென் டிரைவை நேராகச் செருகுவது அதனால்தான் எளிது. சில தயாரிப்பாளர்களின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் அமைப்புகளுக்குள் சென்று ஓடிஜியை நாமே இயக்க வேண்டும். சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே அணைந்தும் விடும். நேற்று தெரிந்த டிரைவ் இன்று தெரியவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். பென் டிரைவ் குறைவாகவே மின்சாரம் கேட்கும். சுழலும் தட்டு கொண்ட எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், தட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் அதிகம் கேட்கும். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0-இல் 900. டேப்லெட் இதற்குக் குறைவாகத் தந்தால், டிஸ்க்கின் விளக்கு எரிந்து, உள்ளே ‘டிக், டிக்’ என்று ஒலி கேட்டு, திரையில் மட்டும் ஒன்றும் வராது. அந்த ஒலியைக் கேட்டால் திரும்பத் திரும்ப முயலாமல், தனி மின்சாரம் பெறும் ஹப் (பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டி) ஒன்றின் வழியாக இணையுங்கள். லைட்னிங் முனை கொண்ட பழைய ஐபேடுகளுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கான கேமரா அடாப்டரின் யூஎஸ்பி 3 வகையில், அடாப்டருக்கே சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கென்று இன்னொரு துளை இருப்பது இதற்காகத்தான். வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடின் டைப்-சி முனைகூட யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான், அதாவது நொடிக்கு 480 மெகாபிட் என்ற வரம்புக்குள்தான் இயங்குகிறது. காணொளிகளுக்கு அது குறை. ஆவணங்களுக்கு அது தாராளம்.

டிரைவ் தெரிந்தும் திறக்கவில்லை, அல்லது திறந்தும் எழுத விடவில்லை என்றால் அதன் ஃபார்மட்டைச் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் அதன் சொந்த என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவை ஆப்பிளின் மேக் கணினி படிக்கும், ஆனால் வேறு மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது; ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் சில ஏற்கும், பல ஏற்காது. ஐபேடில் பென் டிரைவைக் கோப்புகள் செயலி வழியாகத் திறக்கும் வசதி 2019-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 13-இல்தான் தொடங்கியது; ஐபேடுக்கான கையேட்டில் ஆப்பிள் தரும் பட்டியலில் ஃபேட், ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவற்றோடு அதன் சொந்த முறைகளும் இருக்கின்றன, என்டிஎஃப்எஸ் இல்லை. டிரைவில் ஒரே ஒரு தரவுப் பகிர்வு (பார்ட்டிஷன், அதாவது டிரைவைப் பிரித்த பகுதி) மட்டுமே இருக்க வேண்டும் என்றும் அந்தக் கையேடு சொல்கிறது. கணினியில் இயங்குதளத்தை நிறுவுவதற்கென்று முன்பு தயாரித்த பென் டிரைவில் இரண்டு, மூன்று பகிர்வுகள் இருப்பது வழக்கம் என்பதால், அத்தகைய டிரைவ் ஐபேடில் தகராறு செய்தால் வியப்படைய வேண்டாம்.

ஆவணங்களுக்கு மட்டும் என்றால் என் தேர்வு 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான பென் டிரைவ், ஃபேட்32 ஃபார்மட். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே அதன் பெரிய குறை. எந்த ஆவணமும் அந்த அளவை எட்டப்போவதில்லை. பழைய கணினியிலிருந்து புதிய டேப்லெட் வரை அதைப் படிக்காத சாதனத்தை நீங்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 64 ஜிபியும் அதற்கு மேலும் என்றால், 4 ஜிபியைத் தாண்டிய கோப்புகளையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறை பொருந்தும். மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை 2019-இல் வெளியிட்ட பிறகு லினக்ஸிலும் அது சேர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய, மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் சில இன்றும் அதை ஏற்பதில்லை. எதை ஃபார்மட் செய்வதானாலும் உள்ளே இருப்பவற்றை முதலில் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

மெமரி கார்டைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கார்டைச் செருகும்போது சில டேப்லெட்டுகள் அதைக் கையடக்கச் சேமிப்பகமாக வைப்பதா, உள் சேமிப்பகத்தோடு சேர்ப்பதா என்று கேட்கின்றன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கார்டு அழிக்கப்பட்டு, வேறு முறையில் ஃபார்மட்டாகி, அந்த ஒரு டேப்லெட் மட்டுமே அறிந்த திறவுகோலால் குறியாக்கம் செய்யப்படும். பிறகு கார்டைக் கழற்றிக் கணினியில் செருகினால், ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கும். அங்கே சம்மதம் தந்துவிட்டால் கதை முடிந்தது. கணினிக்கும் டேப்லெட்டுக்கும் இடையே நடமாடப்போகும் கார்டு கையடக்கச் சேமிப்பகமாகவே இருக்கட்டும். இன்னொன்று: செயலிகள் கார்டில் தங்களுக்கென உருவாக்கிக்கொள்ளும் கோப்புறைகள், அந்தச் செயலியை நீக்கும்போது சேர்ந்தே நீங்கிவிடும், அத்துடன், 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் அவற்றைப் பிற கோப்புச் செயலிகள் காண்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆவணங்களை அங்கே விட்டுவைக்காமல், கார்டின் மேல்மட்டத்தில் நீங்களே உருவாக்கிய கோப்புறையில் வையுங்கள். பெரிய எஸ்டி கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறிய பூட்டு நகர்ந்திருந்தாலும் எழுத முடியாமல் போகும். அடாப்டருக்குள் மைக்ரோ எஸ்டியைச் செருகும்போது விரல் பட்டே அது நகர்வதுண்டு.

சில கோப்புகள் மட்டும் ஏற மறுப்பதற்குப் பெரும்பாலும் பெயரே காரணம். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, உடுக்குறி, இரட்டை மேற்கோள்குறி ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிப்பதில்லை; ஃபேட் வகை டிரைவுகளும் அவ்வாறே. டேப்லெட்டின் குறிப்பேட்டுச் செயலி தலைப்பையே கோப்புப் பெயராக்கிவிடுவதால், ‘கூட்டம் 10:30’ என்ற குறிப்பில் உள்ள முக்காற்புள்ளி அங்கே தடுக்கி விழுகிறது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இதைவிட நுட்பமான சிக்கல்கள் இரண்டு உண்டு. முதலாவது நீளம். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறியீட்டலகுகள் வரை இடமுண்டு. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் அதில் ஒன்றாகவே கணக்காகும். ஆண்ட்ராய்டின் உள் சேமிப்பகத்திலோ வரம்பு 255 பைட்; எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ‘கோப்பு’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகாரக் குறி என்று ஆறு, அதாவது 18 பைட். ஆக, ஏறக்குறைய 85 குறிகளோடு டேப்லெட்டின் கணக்கு முடிந்துவிடுகிறது. ஓர் அறிக்கையின் முழுத் தலைப்பையும் பெயராக வைத்த கோப்பு கணினியில் நிம்மதியாக இருந்துவிட்டு, டேப்லெட்டுக்குப் படியெடுக்கும்போது மட்டும் விளக்கமில்லாத பிழைச்செய்தியோடு நின்றுபோவது இதனால்தான்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இது போலவே இரண்டு வழிகள் உண்டு. திரையில் இரண்டும் ‘கோ’ என்றே தெரியும். விண்டோஸும் ஃபேட் டிரைவுகளும் இவற்றை இரண்டு வெவ்வேறு பெயர்களாகவே கருதுகின்றன. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தெழுதியே சேமித்தது. சில தட்டச்சு முறைகளிலும் பிரிந்த வடிவம் வருவதுண்டு. ஆகவே திருத்திய கோப்பைப் பழையதன் மேலேயே எழுதிவிட்டதாக நீங்கள் நினைக்க, டிரைவில் அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து நிற்கும். கணினியில் நீங்கள் சொடுக்குவது பழையதாக இருக்கும். உங்கள் மூன்றாவது சிக்கலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதால் அந்தக் கோப்புறையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பெயரைப் புதிதாகத் தட்டச்சு செய்யாமல், இருக்கும் பெயரையே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றினால் இது நேராது.

ஆவணத்தின் உள்ளேயும் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் உண்மையில் ஆங்கில எழுத்துகளையே சேமித்து வைத்திருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் முகம் தருவது எழுத்துரு மட்டுமே. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது கோப்பில் அரைப்புள்ளிதான். அந்த எழுத்துரு இல்லாத டேப்லெட்டில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை. படிப்பதற்கு மட்டும் என்றால் கணினியிலேயே பிடிஎஃப்பாக மாற்றிக் கொண்டுசெல்லுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும். டேப்லெட்டில் திருத்தவும் வேண்டும் என்றால், முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்வதைத் தவிர வசதியான வழி இல்லை.

டிரைவைக் கழற்றும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் செய்வதில்லைதான். ‘படியெடுத்தாயிற்று’ என்று திரை சொன்ன பிறகும் சில தரவுகள் நினைவகத்தில் காத்திருந்து, தாமதமாகவே டிரைவுக்குப் போகலாம். 2018-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், வெளி டிரைவுகளுக்கு இந்தக் காத்திருப்பு இயல்பாகவே தவிர்க்கப்படுகிறது; ஆண்ட்ராய்டிலும் மேக்கிலும் ‘வெளியேற்று’ என்பதைத் தொட்ட பிறகே கழற்ற வேண்டும். ஐபேடில் அப்படியொரு பொத்தான் எப்போதும் கிடைப்பதில்லை. படியெடுக்கும் வட்டம் நிறைவடைந்த பின், டிரைவில் விளக்கு இருந்தால் அது சிமிட்டுவதை நிறுத்தும் வரை பொறுத்து, பிறகு கழற்றுங்கள். ஃபேட்32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் பாதியில் நின்ற பதிவை மீட்டுக்கொள்ளும் நாட்குறிப்பு வசதி இல்லை. எக்ஸ்ஃபேட்டில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஒதுக்கீட்டு அட்டவணையின் இரண்டாவது படிகூட வழக்கமாக இருப்பதில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டிய பென் டிரைவை டேப்லெட்டுகள் தாமாகத் திறக்காது. எனவே டிரைவை முழுதாகப் பூட்டுவதைவிட, முக்கியமான ஆவணங்களுக்குத் தனித்தனியே கடவுச்சொல் வைப்பது இந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றது. மேக்கில் செருகிய டிரைவில், ஒவ்வொரு ஆவணத்தோடும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த சிறு கோப்பு ஒன்று கூடவே தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது மேக் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு.

இப்போது உங்கள் கையில் இருக்கும் நிலைமைக்கு வருகிறேன். கணினியில் பழைய வடிவம் இருக்கிறது. அதில் நீங்கள் மேலும் சில மாற்றங்களைச் செய்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டேப்லெட்டில் திருத்திய வடிவம் செயலியின் அறைக்குள் இருக்கிறது. ஒன்றின் மேல் மற்றொன்றை எழுதிவிடாதீர்கள். டேப்லெட்டில் அந்தச் செயலியைத் திறந்து, அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலிலிருந்து ஆவணத்தை எடுத்து, வேறு பெயரில் டிரைவுக்கு ஏற்றுமதி செய்யுங்கள். கணினியில் ஒரு புதிய கோப்புறையை உருவாக்கி, இரண்டு வடிவங்களையும் அதில் வையுங்கள். வேர்டில் மறுஆய்வுப் பகுதியில் ‘ஒப்பிடு’ என்ற கட்டளை இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸிலும் ஆவணங்களை ஒப்பிடும் வசதி உண்டு. இரண்டையும் காட்டினால், வேறுபடும் ஒவ்வொரு சொல்லும் வண்ணக் குறியோடு வரும். ஒவ்வொன்றாக ஏற்கவோ தள்ளவோ செய்யலாம். எது எந்தப் பக்கத்தில் செய்த மாற்றம் என்று உங்களுக்கு நினைவிருக்கும் இந்த வாரத்துக்குள்ளேயே அதைச் செய்துவிடுவது நல்லது. பிடிஎஃப்பில் பேனாவால் எழுதிய குறிப்புகளுக்கு இப்படி ஒப்பிடும் எளிய வழி இல்லை. டேப்லெட்டில் ஒன்று, கணினியில் மற்றொன்று என்று பக்கத்தில் பக்கம் திறந்துவைத்து, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.